க்ரூகரில் ஐந்து இரவு: வடகோடி வரை போகலாமா, தெற்கிலேயே தங்கலாமா?

பயணி_நால்வர்:
ஆகஸ்டில் தென்னாப்பிரிக்காவின் க்ரூகர் தேசியப் பூங்காவுக்குப் போகிறோம். பெரியவர்கள் இருவர், பள்ளிப் பிள்ளைகள் இருவர். வாடகைக் கார், நாங்களே ஓட்டுகிறோம். தெற்கிலிருந்து வடக்காக ஸ்குகூசா, சத்தாரா, லெத்தாபா, ஷிங்வேட்சி, புண்டா மரியா என ஒவ்வொரு முகாமிலும் ஓர் இரவு. ஃபோர் வீல் டிரைவ் தேவையா?

செம்போத்து:
தேவையில்லை. முக்கியச் சாலைகள் தார். மண்சாலைகளும் மழையற்ற ஆகஸ்டில் சாதாரணக் காருக்குப் போதும். இருக்கை உயரமான வண்டி கிடைத்தால் எடுங்கள், புல்லுக்கு மேலே பார்வை போகும்.

திட்டத்தைத்தான் மாற்ற வேண்டும். பூங்காவின் நீளம் சுமார் 360 கி.மீ. தாரில் வேக வரம்பு 50, மண்ணில் 40. விலங்கு தேடி ஓட்டினால் மணிக்கு 20–25 கி.மீ.தான் நகரும். லெத்தாபா–ஷிங்வேட்சி மட்டுமே நூறு கி.மீ.க்கு மேல். ஆகஸ்டில் முகாம் கதவு காலை 6 முதல் மாலை 6 வரை, தாமதமானால் அபராதம். வெயில் சாய்ந்து சிங்கம் எழும் வேளையில் நீங்கள் கடிகாரத்தைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருப்பீர்கள்.

தெற்கில் உள்ள லோயர் சாபி முகாமில் 2 இரவு, சத்தாராவில் 3 இரவு போதும்.

மொபானி_வழி:
இதை ஏற்க மாட்டேன். ஸ்குகூசா–லோயர் சாபி ஆற்றோரச் சாலையில் ஒரு சிறுத்தை தெரிந்தால் இருபது கார் முட்டி நிற்கும். பின்னால் நிற்பவருக்கு அடுத்த காரின் கூரைதான் காட்சி. ஷிங்வேட்சி ஆற்றங்கரையில் யானைக்கூட்டத்தைத் தனியாக நின்று பார்க்கலாம். வடகோடியில் பஃபூரி: லுவுவு ஆறு, மஞ்சள் பட்டை மரங்கள், நியாலா மான்கள். தெற்கில் அந்தக் காடே கிடையாது.

செம்போத்து:
பஃபூரியின் அழகை மறுக்கவில்லை. ஆனால் நான் சத்தாராவைச் சொல்லும் காரணம் மண்ணில் இருக்கிறது நண்பரே. பூங்காவின் நடுவே ஓடும் ஒலிஃபன்ட்ஸ் ஆற்றுக்கு வடக்கே பெரும்பகுதி மொபானி என்ற மரத்தின் புதர். சத்தாராவைச் சுற்றி எரிமலைப் பாறை மண்ணில் விளைந்த சத்தான புல். வரிக்குதிரையும் வில்டபீஸ்ட் என்னும் காட்டெருதும் அங்கே மேயும், சிங்கமும் அவற்றின் பின்னால். அங்குள்ள எஸ்100 மண்சாலையைக் கதவு திறந்ததும் பிடிக்கச் சொல்வது அதனால்தான். வடக்கின் பறவைகளில் பல கோடை விருந்தாளிகள், ஆகஸ்ட் அங்கே குளிர்காலம் என்பதால் அப்போது இருக்காது.

இன்னொன்று, தினம் முகாம் மாறினால் பத்து மணிக்குள் அறையைக் காலி செய்ய வேண்டும், புது அறை இரண்டு மணிக்கு. அதுவரை நான்கு பேரின் பெட்டிகளும் காரிலேயே. பின் ஜன்னலை மறைக்கும், பிள்ளைகளுக்குப் பார்வை போகும்.

மொபானி_வழி:
பெட்டி விஷயம் சரி. புண்டா மரியாவை விடச் சொன்னாலும் ஒப்புக்கொள்கிறேன், அங்கிருந்து ஜோகன்னஸ்பர்க் திரும்ப ஒரு பகல் போய்விடும். ஆனால் சத்தாராவில் ஓர் இரவைக் குறைத்து லெத்தாபாவுக்குக் கொடுங்கள். ஐந்து நாளும் சிங்கத்துக்கே என்றால் பிள்ளைகள் காட்டைப் பார்த்ததாகாது.

செம்போத்து:
பிள்ளைகளோடு என்றால்தான் மூன்று இரவு என்கிறேன். ஒரு மதியம் முகாமில் தூங்கி எழவும் நேரம் வேண்டும்.

பயணி_நால்வர்:
யானை வழிமறித்தால்?

மொபானி_வழி:
எஞ்சினை அணைக்காதீர்கள், ஹார்ன் அடிக்காதீர்கள். தாய்க்கும் குட்டிக்கும் நடுவே புகாதீர்கள். கன்னத்தில் மதநீர் வடிந்து, பின்கால்கள் மூத்திரத்தில் நனைந்திருந்தால் மதம் கொண்ட ஆண். தலையை உதறும்வரை காத்திராமல் தூரத்திலேயே ரிவர்ஸ் எடுங்கள். முன்காரோடு ஒட்டி நின்றால் திரும்ப இடமிருக்காது.

செம்போத்து:
இதில் அவர் சொல்வது அத்தனையும் சரி. காண்டாமிருகப் படங்களை இடக்குறிப்போடு போடாதீர்கள், வேட்டைக்காரனுக்கு அதுவே வழிகாட்டி. பூங்கா மலேரியாப் பகுதி. குளிர்காலத்தில் ஆபத்து குறைவு என்றாலும் பிள்ளைகளின் எடைக்கேற்ற மாத்திரையைக் கிளம்புமுன் மருத்துவரிடம் கேளுங்கள். அறைகளை இப்போதே பதியுங்கள். லோயர் சாபிதான் முதலில் நிரம்பும்.