இரவில் டிப்பரின் காற்று இறங்கிவிடுகிறது: கசிவை ஆபத்தின்றித் தேடுவது எப்படி?

மட்டக்குளி டிப்பர்காரர் (கேள்வி)

வணக்கம். என்னிடம் உள்ள பத்துச் சக்கர டிப்பரின் பிரேக் முழுவதும் காற்றில் இயங்குவது. மாலை 6.30 மணிக்கு நிறுத்தும்போது 8 பாரில் நிற்கும் காற்றழுத்த மானியின் முள், காலை 5.30 மணிக்கு 2.5க்கு இறங்கியிருக்கிறது. நெரிசல் தொடங்குமுன் களனிப் பாலத்தைக் கடக்க வேண்டிய நேரத்தில், காற்று ஏறும்வரை காத்து நிற்க வேண்டியுள்ளது. வழமையாக வண்டி திருத்த வரும் பாஸின் உதவியாளர், எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே வண்டிக்கடியில் படுத்துக் கையால் தடவிக் கசிவைத் தேடினார். எனக்கு மனம் ஒப்பவில்லை. வெளியே வரச் சொல்லிவிட்டேன். முறையான வழி எது? எவ்வளவு இறக்கம் வரை பொறுக்கலாம்?

பேலியகொடை கராஜ்

அவரை வெளியே வரச் சொன்னது மிகச் சரி. சோதனையின் ஒரு கட்டத்தில் ஹேண்ட்பிரேக்கை விடுவிக்க வேண்டியிருக்கும். அப்போது வண்டியைப் பிடித்து நிற்பவை நீங்கள் வைத்த கட்டைகள் மட்டுமே. ஆகவே சமதரையில் நிறுத்தி, பெட்டியை முழுதாக இறக்கி, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் நல்ல மரக்கட்டைகளை இறுக்கிய பிறகே தொடங்குங்கள். கைக்கு அகப்பட்ட செங்கல் போதாது, வண்டியின் பாரத்தில் அது பொடிந்துவிடும்.

காற்றை உச்ச அளவுக்கு ஏற்றி எஞ்சினை நிறுத்துங்கள். சாவி திறந்தபடியே இருக்கட்டும். ஹேண்ட்பிரேக்கை விடுவித்து ஒரு நிமிடம் முள்ளைக் கவனியுங்கள். பிறகு கால் பிரேக்கை முழுதாக மிதித்து, முதல் இறக்கம் அடங்கியபின் மேலும் ஒரு நிமிடம் கவனியுங்கள். அமெரிக்காவில் கனரக வாகனச் சாரதிகளுக்குக் கற்பிக்கப்படும் அளவின்படி, தனி வண்டியில் மிதிக்காமல் நிமிடத்துக்கு 2 பி.எஸ்.ஐ. (பார் போல அழுத்தத்தின் இன்னோர் அலகு), மிதித்தபடி 3 பி.எஸ்.ஐ. வரை பொறுக்கலாம், இழுவை வண்டி சேர்ந்தால் முறையே 3, 4.

உங்கள் கணக்கு வேறு. 11 மணி நேரத்தில் 5.5 பார், அதாவது ஏறத்தாழ 80 பி.எஸ்.ஐ. இறங்கியிருக்கிறது, நிமிடத்துக்குச் சராசரி 0.12தான். எனவே ஒரு நிமிடச் சோதனையில் உங்கள் வண்டி தேறிவிடலாம். ஆனாலும் விட்டுவிடாதீர்கள், ஏனெனில் சிறு கசிவு வளரும், காற்றை ஏற்றும் கம்ப்ரஸரும் ஓயாமல் உழைத்துத் தேயும். எங்கே தேடுவது என்பதையும் முள்ளே சொல்லும். மிதிக்கும்போது மட்டும் வேகமாக இறங்கினால் கால் வால்வு, சக்கரங்களுக்குக் காற்றை விடும் ரிலே வால்வு, காற்றின் அழுத்தத்தால் பிரேக்கைத் தள்ளும் சேம்பரின் ரப்பர் பக்கம். ஹேண்ட்பிரேக்கை விடுவித்தபோது மட்டும் இறங்கினால் ஸ்பிரிங் பிரேக் (காற்று இல்லாதபோது ஸ்பிரிங்கின் விசையால் பிடிப்பது) பக்கம். எந்த நிலையிலும் வேறுபாடில்லாமல் இறங்கினால் காற்றுத் தாங்கிகளும் அவற்றோடு இணைந்த குழாய்களும். இரண்டு முள் உள்ள வண்டியானால், எது முதலில் விழுகிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

கிராண்ட்பாஸ் பிட்டர்

மேலே சொன்னதோடு என் கண்முன் நடந்த ஒன்றையும் சேர்க்கிறேன். நான் முன்பு வேலை செய்த ஒரு கராஜில், பின்சக்கரத்தருகே ஒருவர் சேம்பரைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, கபினில் இருந்தவர் சொல்லாமலே ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டார். சேம்பரிலிருந்து வரும் தண்டு சட்டென்று நீண்டு, அவருடைய விரல் நகத்தைப் பெயர்த்துக்கொண்டு போயிற்று. அரை அங்குலம் தள்ளியிருந்தால் விரலே போயிருக்கும். அன்றிலிருந்து, அடியில் ஒருவர் இருக்கும்போது கபினில் இருப்பவர் அவர் வாய்விட்டுச் சொன்னாலன்றி எதையும் தொடக்கூடாது என்பதை நான் கட்டாயமாக வைத்திருக்கிறேன். காற்று போய்விட்டால் ஆபத்தும் போய்விட்டது என்று நினைக்காதீர்கள். அழுத்தம் 45 பி.எஸ்.ஐ.க்கும் 20 பி.எஸ்.ஐ.க்கும் இடையே விழும்போது ஸ்பிரிங் பிரேக் தானாகவே பிடிக்கும், தண்டும் அப்போது நகரும்.

கையால் தடவுவது வேண்டவே வேண்டாம். மெல்லிய துளையிலிருந்து பீறிடும் காற்று தோலைத் துளைத்து உள்ளே போகக்கூடும். அப்படி நேர்ந்தால் வலி சிறிதாக இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கண்ணாடி அணியுங்கள். எந்தக் குழாயையும் கழற்றுமுன் எல்லாத் தாங்கிகளின் காற்றையும் முழுதாக வெளியேற்றுங்கள், இல்லையேல் குழாய் சாட்டை போல் முகத்தில் அடிக்கும். ஸ்பிரிங் சேம்பரின் வளையத்தை மட்டும் ஒருபோதும் தளர்த்தாதீர்கள். உள்ளே அடைபட்டிருக்கும் ஸ்பிரிங் ஆளைக் கொல்லும். அந்தச் சேம்பரைப் பிரிக்காமல் முழுதாகவே மாற்றுவது நல்லது.

வத்தளை வாசகர்

கசிவைக் காட்ட எஞ்சினை நிறுத்திவிட்டுச் சவர்க்காரத் தண்ணீரைத் தெளித்தாலே போதும். ஆனால் அமோனியா கலந்த துப்புரவுத் திரவம் கூடாது. பித்தளை இணைப்புகளில் அது வெடிப்பை உண்டாக்கும். பார்த்து முடிந்ததும் நல்ல தண்ணீரால் கழுவிவிடுங்கள். நைலோன் குழாயை மாற்றுவதானால் முனையை நேராக வெட்ட வேண்டும். சாய்வாக வெட்டியதை இணைப்புக்குள் தள்ளினால் புதுக் கசிவு தொடங்கும். கொழும்பின் ஈரக்காற்றில் தாங்கிக்குள் தண்ணீர் சேரும், ஆகவே நாள்தோறும் வடித்துவிடுங்கள். பால் போல் வெளுத்து வந்தால் கம்ப்ரஸர் எண்ணெயும் சேர்ந்து வருகிறது என்று பொருள்.

மட்டக்குளி டிப்பர்காரர்

அனைவருக்கும் நன்றி. ஞாயிறு காலை கட்டைகளை இறுக்கிவிட்டுப் பார்த்தோம். ஒரு நிமிடச் சோதனையில் முள் அசையவே இல்லை, சொன்னபடியேதான். சவர்க்காரத் தண்ணீரைத் தெளித்துக்கொண்டே போனபோது, பின்தாங்கியின் வடிகால் வால்வைச் சுற்றி அப்பத்தின் விளிம்பில் வருவது போல் சிறு சிறு நுரை மெல்ல எழுந்தது. காற்றை முழுதாக விட்டபின் கழற்றினோம். உள்ளே துரு படிந்து ரப்பர் சரியாக உட்காராமல் இருந்தது. பஞ்சிகாவத்தையில் புது வால்வு வாங்கிப் பூட்டியிருக்கிறேன். இன்று காலை முள் 7.5இல் நின்றது. மிச்ச அரைப் பார் எங்கே போகிறது என்று வரும் ஞாயிறு பார்க்கப் போகிறேன்.