சிம்ப்சன்ஸ்: அஞ்சு பேரும் ஒண்ணா நிக்கிற எபிசோடு சொல்லுங்க

சிம்ப்சன்ஸ்ங்கிற அமெரிக்க கார்ட்டூன் தொடரோட பழைய சீசன் எல்லாம் பார்த்தவங்க இங்க இருந்தா கொஞ்சம் உதவுங்க. 11 வயசுப் பொண்ணோட முதல் சீசன் பார்த்துட்டிருக்கேன். 1990 ஜனவரியில வந்த ஒரு எபிசோடுல மாட்டிக்கிட்டோம்.

குடும்பத்தைத் திருத்தணும்னு அப்பா ஹோமர் டிவியையே அடகு வச்சு, 250 டாலரோட எல்லாரையும் ஒரு டாக்டர்கிட்ட இழுத்துட்டுப் போவான். அவர் ஆளுக்கொரு பட்டனைக் கொடுப்பார், அமுக்கினா அடுத்தவங்களுக்கு ஷாக். ஊர் விளக்கெல்லாம் மங்குற அளவுக்கு அமுக்கித் தள்ளுவாங்க! கடைசியில டாக்டரே கையெடுத்துக் கும்பிடாத குறையா, திருந்தலைன்னா ரெண்டு மடங்கு தர்றேன்னு சொன்னபடி 500 டாலரைத் திருப்பிக் கொடுத்து அனுப்புவார். அதுல புது டிவி வாங்கப் போவாங்க, அதுவும் சந்தோஷமா.

அன்னைலேருந்து இவ ரிமோட்டைத் தம்பி பக்கம் நீட்டி "ஜ்ஜ்ஜ்"னு அமுக்கிட்டே இருக்கா. போதாக்குறைக்கு, "அப்பா, டாக்டரை ஓட வச்சதைத் தவிர இவங்க சேர்ந்து வேற எதுவுமே செய்யலையா?"ன்னு ஒரு கேள்வி.

ஹோமர், மார்ஜ், பார்ட், லிசா, மேகி எல்லாரும் சேர்ந்து ஒரு காரியத்தை முடிக்கிற எபிசோடு எது? சீசன் நம்பரோட சொன்னா புண்ணியமாப் போகும். அழவைக்கிறது வேண்டாம், ராத்திரி தூங்கமாட்டா.