"புரிஞ்சுது மிஸ்": மருந்தியல் வகுப்பு அனுபவங்கள்

நர்சிங் ஆசிரியை:

இரண்டாம் வருடப் பிள்ளைகளுக்கு மருந்தியல் எடுக்க ஆரம்பித்துப் பதினோரு வருடம் ஆகிறது. இன்றைக்கும் எனக்கு வயிற்றைக் கலக்குகிற வார்த்தை "புரிஞ்சுது மிஸ்" தான். வகுப்பில் பாதிப் பேர் பிளஸ் டூ வரை தமிழ் மீடியம். 'ஃபர்ஸ்ட் பாஸ் மெட்டபாலிசம்' (முழுங்கிய மருந்து உடம்பெல்லாம் போகும் முன்பே கல்லீரல் அதைச் சிதைப்பது) என்று போர்டில் எழுதினால் ஓர் எழுத்து பிசகாமல் நோட்டில் ஏற்றிவிடுவார்கள். தேர்வில் அதை அப்படியே கொட்டிவிட்டு மார்க்கும் வாங்கிவிடுவார்கள்.

போன வருடம் இன்டர்னலில் முதல் மார்க் வாங்கிய பெண்ணோடு வார்டில் இருந்தேன். நெஞ்சுவலிக்காக அட்மிட் ஆகி, மறுநாள் வீட்டுக்குப் போகவிருந்த ஒரு பாட்டி சுருக்குப்பையிலிருந்து சார்பிட்ரேட் என்ற நெஞ்சுவலி மாத்திரை அட்டையை எடுத்துக் காட்டினார். "ஏம்மா, இத எதுக்கு நாக்குக்கு அடியில வெக்கச் சொல்றாங்க? தண்ணி ஊத்தி முழுங்குனா ஆவாதா?"

அவள் என்னைப் பார்த்தாள், பாட்டியைப் பார்த்தாள். "டாக்டர் அப்படித்தான் வெக்கச் சொன்னாரு பாட்டி." அவ்வளவுதான். நான்கு நாள் முன்பு இதே கேள்விக்கு ஒன்றரைப் பக்கம் எழுதியவள்.

மதியம் அவளை உட்காரவைத்துச் சொன்னேன். குடலில் உறிஞ்சப்படுகிற மருந்து முதலில் கல்லீரலைத் தாண்டித்தான் போக வேண்டும். அது ஒரு சுங்கச்சாவடி. சார்பிட்ரேட்டில் பெரும்பகுதியை அங்கேயே பிடித்துச் சிதைத்துவிடும். நாக்கடியில் இருக்கும் ரத்தக்குழாய்கள் அந்தச் சாவடிப் பக்கமே போகாத பைபாஸ்.

மறுநாள் காலையில் அவளே போய்ப் பாட்டியிடம் பேசினாள். "முழுங்குனா ஈரல் முக்கால்வாசியப் புடிச்சிக்கும் பாட்டி. நாக்கடியில வெச்சா நேரா ரத்தத்துல கலந்துரும்." பாட்டி யோசித்துவிட்டு, "அப்ப வெத்தலையத் துப்பிட்டுத்தான் வெக்கணும்" என்றார். எந்தப் பாடப் புத்தகத்திலும் நான் பார்க்காத வரி! ஆனால் உட்கார்ந்துகொண்டுதான் வைக்க வேண்டும், பிரஷர் இறங்கித் தலைசுற்றும் என்று சொல்ல இந்தப் பெண் மறந்துவிட்டாள். அதற்கு நான் பாதி மார்க் குறைத்தேன்.

இப்போதெல்லாம் செய்முறைத் தேர்வில் நான்தான் நோயாளி. தமிழில்தான் கேட்பேன், தமிழில்தான் பதில் வர வேண்டும். மருந்து உறிஞ்சப்படுவதை 'அப்சார்ப்ஷன்' என்று சொன்னால் "அப்படின்னா என்னம்மா?" என்று முழிப்பேன். உங்களுக்கும் இப்படி ஏதாவது மாட்டியிருக்கிறதா?

டி.ஃபார்ம் (மருந்தாளுநர் டிப்ளமா) விரிவுரையாளர்:

மேடம், சுங்கச்சாவடி நானும் சொல்வதுதான். அதில் ஒருமுறை வசமாக மாட்டிக்கொண்டேன். கடைசி பெஞ்ச் பையன் ஒருவன் எழுந்து, "சார், பிரஷர் மாத்திரை எனலாப்ரில் கல்லீரலுக்குப் போன பிறகுதான் வேலையே செய்ய ஆரம்பிக்குதுன்னு போன வாரம் சொன்னீங்க. சுங்கச்சாவடியில காசுதானே போகும், கூட எப்படி வரும்?" என்றான். அன்றைக்கு ஏதோ மழுப்பிவிட்டு மணி அடித்ததும் தப்பித்தேன். அடுத்த வகுப்பில் கல்லீரலைப் பட்டறையாக மாற்றினேன். சில வண்டியைப் பிரித்துப் போடுவார்கள், சில வண்டியை அங்கேதான் ஓடுகிற நிலைக்குக் கொண்டுவருவார்கள். ரத்தம் உறையாமல் தடுக்கிற குளோபிடோக்ரெலும் அந்த இரண்டாவது ரகம். உவமை சொல்லுங்கள், ஆனால் அது எங்கே உடையும் என்று முந்தின இரவே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

வார்டு சிஸ்டர்:

நான் ஆசிரியை இல்லை. ஆனால் போஸ்டிங் வரும் பிள்ளைகளுக்கு நாங்கள்தானே பாதி வகுப்பு எடுக்கிறோம்! நான் சொல்லப்போவது இன்சுலின்.

பெயர் வேண்டாம், நான் முன்பு வேலை பார்த்த இடம். ஓர் ஐயாவுக்குக் காலையில் 20 யூனிட். இரண்டு நாளாகச் சர்க்கரை 300க்குக் கீழே இறங்கவே இல்லை. ரவுண்ட்ஸில் டாக்டர் டோஸை 30 ஆக்கலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தார். எதற்கும் இருக்கட்டும் என்று டிரேயைப் பார்த்தேன். இன்சுலின் குப்பி 40 யூனிட் ரகம், அதாவது ஒரு மில்லிக்கு 40. பக்கத்தில் கிடந்த சிரிஞ்சுக்கு ஆரஞ்சு மூடி, அது 100 யூனிட்டுக்கானது. மாணவி 20 கோடு வரை சரியாகத்தான் இழுத்திருக்கிறாள். ஆனால் அந்த சிரிஞ்சில் 20 கோடு என்றால் 0.2 மில்லி. ஐயாவுக்குப் போனது 8 யூனிட்.

குறைந்து போனதால் பிழைத்தோம். டோஸை 30 ஆக்கி, அடுத்த ஷிஃப்டில் யாராவது 40 யூனிட்டுக்கான சரியான சிவப்பு மூடி சிரிஞ்சில் போட்டிருந்தால்? 8 போய்க்கொண்டிருந்தவருக்கு ஒரே நாளில் 30. நினைத்தால் இப்போதும் கை சில்லிடுகிறது.

அந்தப் பெண்ணைத் திட்டவில்லை. உண்மையைச் சொன்னால், சிரிஞ்சை எடுத்துக் கொடுத்ததே எங்கள் ஸ்டாஃப்தான். இப்போது புது பேட்ச் வந்தால் முதல் நாளே இரண்டு சிரிஞ்சையும் கையில் கொடுத்து, ஜென்ஷன் வயலட் என்ற ஊதா மருந்து கலந்த தண்ணீரை 20 கோடு வரை இழுத்து, இரண்டு மருந்துக் கப்பில் தனித்தனியாக விடச் சொல்வேன். ஒன்றில் அரை மில்லி, இன்னொன்றில் அதில் பாதிகூட இல்லை. கப்பைச் சாய்த்துப் பார்த்துவிட்டு அவர்களே "அய்யோ சிஸ்டர்!" என்பார்கள். ஃபார்முலாவை அப்புறம் போர்டில் எழுதிக்கொள்ளலாம்.

சமுதாய நலப் பாடம் எடுப்பவர்:

என்னுடையது சின்ன சம்பவம். காசநோய் மாத்திரை ஆரம்பித்த ஓர் அண்ணன் நான்காம் நாளே நிறுத்திவிட்டார். சிறுநீரில் ரத்தம் போகிறது என்று பயம். அதிலுள்ள ரிஃபாம்பிசின் என்ற மருந்து சிறுநீரை ஆரஞ்சு சிவப்பாக்கும் என்பது எங்கள் மாணவி இரண்டு மார்க் கேள்வியில் எழுதிய பதில். ஆனால் மாத்திரை கொடுத்த அன்று அவரிடம் வாயைத் திறந்து சொல்லவில்லை. சங்கடம் என்றாள்.

வீட்டுக்கே போனோம். "கேசரிப் பவுடர் கலர்ல போகும்ண்ணே. வேர்வை, கண்ணீர்லகூட வரலாம். ரத்தம் இல்ல, மாத்திரையோட சாயம்." மறுபடி ஆரம்பித்தார். இரண்டு நாள் கழித்து அவரே போன் செய்தார். "காலையில செவப்பா போச்சு, சாயங்காலம் வெளுத்துடுச்சே தங்கச்சி. மாத்திரை தேதி தீந்துபோன சரக்கா?"

மாணவி போனைக் கையால் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்துக் கிசுகிசுத்தாள்: "மிஸ், இது ஹாஃப் லைஃப்தானே?" உடம்பில் மருந்தின் அளவு பாதியாகக் குறைய ஆகும் நேரம்தான் அது. ஆமாம் என்று தலையாட்டினேன். அப்புறம் பத்து நிமிடம் அவருக்கு அதைத் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தாள்.