ஹவுஸ் ஜெயில் எபிசோட்: ஆஸ்பிரின் கொடுத்து நோயைக் கண்டுபிடிக்க முடியுமா?

மார்த்தாண்டம் பையன்:
'ஹவுஸ்' என்ற அமெரிக்க டிவி தொடரில் ஒரு வழியாக எட்டாவது சீசனுக்கு வந்துவிட்டேன். யாருக்கும் பிடிபடாத நோயைக் கண்டுபிடிக்கிற டாக்டர்தான் ஹவுஸ். 2011 அக்டோபரில் வந்த அதன் முதல் எபிசோட் நியூஜெர்சியில் ஒரு ஜெயிலுக்குள் நடக்கிறது. முன்னாள் காதலி டாக்டர் கடியின் (Cuddy) வீட்டுக்குள் காரை விட்டு இடித்ததற்கு ஹவுஸ் உள்ளே இருக்கிறார். பரோலுக்குச் சில நாள்தான் பாக்கி. தரை துடைக்கிற வேலை. மூட்டுவலியோடு வருகிற கைதி ஒருவருக்கு மாஸ்டோசைட்டோசிஸ் என்று இவர் சொல்ல, அங்குள்ள பெரிய டாக்டர் ஒத்துக்கொள்வதில்லை. கடைசியில் ஆஸ்பிரினைக் கொடுத்து அலர்ஜியை வரவழைத்தே நிரூபிக்கிறார்.

இது நிஜத்தில் நடக்குமா? கூட உட்கார்ந்து பார்த்த அம்மா, "நம்ம ஊரு ஜெயில்ல டாக்டர் உண்டுமா?" என்று கேட்டார். அதற்கும் எனக்குப் பதில் தெரியவில்லை.

குழித்துறை மருந்துக்கடை:
அடிப்படை சரிதான். மாஸ்ட் செல் என்ற அணுக்கள் உடம்பில் அளவுக்கு மீறிப் பெருகுவதுதான் அந்த நோய். அவை அலர்ஜியை உண்டாக்கும் ஹிஸ்டமினைக் கொட்டினால் தடிப்பு, வயிற்றுப்போக்கு, ரத்த அழுத்தம் இறங்குவது எல்லாம் வரும். சிலருக்கு ஆஸ்பிரின் அதைத் தூண்டிவிடும். ஆனால் அதையே டெஸ்டாக யாரும் செய்ய மாட்டார்கள், ஆள் செத்துப்போகலாம். அந்த மாஸ்ட் செல்கள் விடுகிற டிரிப்டேஸ் என்ற பொருள் ரத்தத்தில் எவ்வளவு என்று பார்ப்பார்கள். சாதாரண நாளிலேயே ஒரு மில்லிக்கு 20 நானோகிராமுக்கு மேல் இருந்தால் சந்தேகம் வலுக்கும், அப்புறம் எலும்பு மஜ்ஜையை எடுத்துப் பரிசோதிப்பார்கள். தோலில் பழுப்புப் புள்ளிகள் இருந்தால் அதைத் தேய்த்தாலே தடித்து எழும்பும், காசே செலவில்லை.

அந்த எபிசோடில் ஜெயில் ரௌடிக்கு ஹவுஸ் கப்பமாகக் கொடுக்க வேண்டிய 20 விக்கடின், ஹைட்ரோகோடோன் என்ற போதை தரும் வலிமருந்தும் பாராசிட்டமாலும் சேர்ந்த மாத்திரை. இங்கே பிரச்சினைக்கு அது வேண்டாம், டிரமடால் என்ற வலி மாத்திரையே போதும். 2018இல் அதையும் போதைப்பொருள் சட்டத்துக்குள் கொண்டுவந்தார்கள்.

தக்கலை சிஸ்டர்:
மக்களே, உன் அம்மா கேட்டதுதான் கேள்வி. ஜெயிலில் டாக்டர் உண்டு. காய்ச்சல், சொறி, சர்க்கரை எல்லாம் அங்கேயே பார்ப்பார். அதற்கு மேல் என்றால் அரசு மருத்துவமனைக்கு எழுதிக் கொடுப்பார். நம் குமரி மாவட்டத்தில் மத்திய சிறை கிடையாது, பெரிய தண்டனைக்காரர்கள் பாளையங்கோட்டைக்குப் போய்விடுவார்கள். நான் சர்வீசில் இருந்தபோது எங்கள் வார்டுக்கு வந்தவர்கள் பெரும்பாலும் விசாரணைக் கைதிகள்.

அந்த எபிசோடை நானும் பார்த்தேன். நோயைப் பற்றி எனக்கு ஒன்றும் இல்லை. எனக்கு ஒட்டாதது, எல்லாமே ஒரு கதவு தள்ளி இருப்பது. கைதி அங்கே, கிளினிக் அங்கே, மருந்து அங்கே. இங்கே இன்ன டெஸ்ட் வேண்டும் என்று டாக்டர் எழுதின பிறகுதான் பாடு தொடங்கும். வழிக்காவல் வர வேண்டும். ஆயுதப்படையிலிருந்து ஆள் அனுப்ப வேண்டும். மந்திரி வருகிறார், சுசீந்திரத்தில் தேரோட்டம் என்றால் ஆளே கிடைக்காது.

அருமனைப் பக்கத்து ரப்பர் பால்வெட்டுக்காரர் ஒருவர், அடிதடி கேஸ். வலது விலாவுக்குக் கீழே வலி, சாப்பிட்டால் அதிகமாகும். காலை 9 மணிக்கு வெறும் வயிற்றில் ஸ்கேன். ஜெயிலில் அவரை ராத்திரியிலிருந்தே பட்டினி போட்டுவிட்டார்கள். காவல் வந்து, வண்டி வந்து, இங்கே வந்து சேர்ந்தபோது மத்தியானம். ஸ்கேன் அறையைப் பூட்டிவிட்டுப் போய்விட்டார்கள். ஓரமாக பெஞ்சில் உட்கார வைத்திருந்தார்கள். என்னைப் பார்த்து, "சிஸ்டரே, ஒரு கட்டன் சாயா குடிச்சா படம் கெட்டுப் போவுமா?" என்றார். குடியும் என்று நானே வாங்கிக் கொடுத்தேன். இனி மறுதேதி, மறுபடி காவல், மறுபடி பட்டினி. கடைசியில் பித்தப்பைக் கல். அதைக் கண்டுபிடிக்க ஹவுஸ் எதற்கு?

கூட வந்த ஏட்டையா தன் பிபியையும் பார்க்கச் சொன்னார். 180/110. கைதியைவிட அவரைத்தான் அட்மிட் பண்ணியிருக்க வேண்டும்!

மார்த்தாண்டம் பையன்:
சிஸ்டர், அட்மிட் ஆனால் விலங்கோடுதான் கிடப்பார்களா?

தக்கலை சிஸ்டர்:
பார்த்திருக்கிறேன். ஒரு கையில் டிரிப், மறு கையில் சங்கிலி, சங்கிலியின் மறுமுனை கட்டில் காலில். ஊசி ஏற்றின கை வீங்கிவிட்டால் மறு கைக்கு மாற்ற வேண்டும். சாவி வைத்திருக்கிற போலீஸ்காரர் சாயா குடிக்கப் போயிருப்பார். அவர் வரும்வரை கையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நிற்போம்.

ஆரல்வாய்மொழி வக்கீல்:
அது சட்டப்படி தப்பு, சிஸ்டர். 1980இல் பிரேம் சங்கர் சுக்லா வழக்கில், வழக்கத்துக்காக விலங்கு மாட்டக் கூடாது, தக்க காரணம் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 1995இல் அசாம் வழக்கு. மருத்துவமனையில் இருந்தவர்களைக் கட்டிலோடு விலங்கிட்டிருந்தார்கள். சிறையிலோ கொண்டுபோகும் வழியிலோ விலங்கு வேண்டுமென்றால் மாஜிஸ்திரேட்டிடம் அனுமதி வாங்க வேண்டும் என்றார்கள். 2024 ஜூலையில் வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம் சில கடுமையான குற்றங்களில் கைது செய்யும்போதும் கோர்ட்டில் ஆஜர்படுத்தும்போதும் விலங்கை அனுமதிக்கிறது. ஆஸ்பத்திரிக் கட்டிலை அதில் சொல்லவில்லை. வீட்டில் யாராவது உள்ளே இருந்து, ஸ்கேன் தேதி இப்படித் தள்ளிக்கொண்டே போனால், கேஸ் நடக்கிற கோர்ட்டில் ஒரு மனு போடுங்கள். சிகிச்சைக்குக் கொண்டுபோகச் சொல்லி உத்தரவு கேட்கலாம். டாக்டர் எழுதின சீட்டின் நகலை மட்டும் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

மார்த்தாண்டம் பையன்:
நன்றி வக்கீல் சார். அம்மாவிடம் எல்லாம் வாசித்துக் காட்டினேன். ஏட்டையாவுக்கு பிபி குறைந்ததா என்று கேட்கிறார்.