பெயர்ப் பலகையில் ‘வேரிகேட்டட்’டுக்கு என்ன எழுதுவது?

குன்னூர் நாற்று:
நர்சரிக்குத் தமிழில் பெயர்ப் பலகை எழுதுகிறேன். இலையில் வெள்ளை விளிம்புள்ள ஜெரேனியத்துக்குப் பட்டியலில் ‘வேரிகேட்டட்’ என்று இருக்கிறது. ஒரே புதரில் நீலமும் ரோஸுமாகப் பூக்கும் ஹைட்ரேஞ்சியாவுக்கும் அது பொருந்துமா? ஆஸ்டர் விதை பாக்கெட்டில் ‘மிக்ஸ்’. மூன்றுக்கும் ‘பலவண்ணம்’ என்று போட்டுவிடலாமா?

கோத்தகிரிச் சரிவு:
வேண்டாம் சார், வாங்குகிறவர் குழம்புவார். ‘மிக்ஸ்’ என்றால் பாக்கெட்டுக்குள்தான் பல நிறம், பெரும்பாலும் ஒரு செடிக்கு ஒரு நிறம்தான். அதற்குக் ‘கதம்பம்’ சரியாக இருக்கும். ‘வேரிகேட்டட்’ பெரும்பாலும் இலைக்குச் சொல்வது: ஒரே இலையில் பச்சையோடு வெள்ளையோ மஞ்சளோ. ‘வெள்ளை விளிம்பு இலை’ என்று கண்ணில் படுவதையே எழுதுங்கள். (‘குரோட்டன்ஸ்’ மட்டும் வேண்டாம். கலர் இலை எல்லாமே இங்கே குரோட்டன்ஸ்தான்!)

வெள்ளைப் பகுதியில் பச்சையம் கிடையாது. அதனால் செடி மெதுவாகத்தான் வளரும். நடுவில் முழுப் பச்சைக் கிளை வந்தால் அது வேகமாக ஓங்கி மற்றதை அமுக்கிவிடும். பார்த்தவுடன் கிளம்பிய இடத்தோடு வெட்டுங்கள், நுனியைக் கிள்ளினால் மறுபடி பச்சையே துளிர்க்கும். முழு வெள்ளைக் கிளையில் கட்டிங் எடுக்காதீர்கள், தனியாகப் பிழைக்காது. இரு நிறமும் தெளிவாக உள்ள நுனியில் 8–10 செ.மீ. எடுத்து, அடி இலைகளை நீக்கி, வெட்டு வாய் காய்ந்தபின் நடுங்கள். மஞ்சள் விளிம்பு ஸ்நேக் பிளான்ட்டை இலைத் துண்டில் வளர்த்தால் விளிம்பு போய்விடும், கிழங்கோடு பிரித்துத்தான் நட வேண்டும்.

மண்ணும் பூவும்:
ஹைட்ரேஞ்சியா கதையே வேறு. அது மண் செய்யும் வேலை. பிஎச் (மண்ணின் புளிப்பைக் காட்டும் எண்; குறையக் குறையப் புளிப்பு அதிகம்) 5.5-க்குக் கீழே இருந்தால் அலுமினியம் வேருக்குக் கிடைக்கும், பூ நீலமாகும். 6.5-க்கு மேல் ரோஸ். நடுவில் ஊதா, அல்லது கலந்து வரும். நீலகிரி மண் புளிப்பு என்பதால் நீலம்தான் அதிகம். சுவரோரம் சுண்ணாம்பு கசிகிற பக்கத்தில் ரோஸ் வரலாம். எல்லாம் நீலமாக வேண்டுமென்றால் 4 லிட்டர் தண்ணீருக்கு 15 கிராம் அலுமினியம் சல்பேட், ஈர மண்ணில் மட்டும் ஊற்றுங்கள். கூடினால் வேர் கருகும். சூப்பர் பாஸ்பேட் உரத்தை நிறுத்துங்கள், அதிலுள்ள மணிச்சத்து (பாஸ்பரஸ்) அலுமினியத்தைக் கட்டிப்போட்டுவிடும். வெள்ளை ரகம் நீலமாகாது. பலகையில் ‘மண்ணைப் பொறுத்து நீலம் / ரோஸ்’ என்று எழுதினால் அடுத்த வருஷம் சண்டைக்கு ஆள் வராது.

குன்னூர் நாற்று:
நன்றி. டாலியாவிலும் சில இலைகளில் மஞ்சள் திட்டு இருக்கிறது. அதையும் ‘வேரிகேட்டட்’ என்று விற்கலாமா?

கோத்தகிரிச் சரிவு:
விற்காதீர்கள்! திட்டு ஒழுங்கில்லாமல், இலை சுருங்கி, செடி குட்டையாக இருந்தால் மொசைக் வைரஸாக இருக்கலாம். அசுவினிப் பூச்சி பரப்பும், கிழங்கு வழியாகவும் போகும். மருந்து இல்லை. கிழங்கோடு பிடுங்கி அழித்துவிடுங்கள், கத்தியை ஸ்பிரிட்டில் துடைக்காமல் அடுத்த செடியைத் தொடாதீர்கள்.