70களின்ரை பொப் தட்டு, 80களின்ரை கசெட்: எங்கை தேடுறது?

நாவற்பழம்:
வணக்கம். 70களிலை வந்த எங்கட ஈழத்துப் பொப் பாட்டு 45 ஆர்பிஎம் (நிமிசத்துக்கு 45 சுத்து) இசைத்தட்டுகளும், 80களிலை வந்த நாதஸ்வரம், தவில் கசெட்டுகளும் தேடுறன். யூடியூப்பிலை கிடக்கிறது முழுக்க கொப்பியின்ரை கொப்பி. ஆர் வாசிச்சது, எப்ப வந்தது எண்டு ஒரு விபரமும் இல்லை. யாழ் ரவுண் கடையளிலை கேட்டால் பென் ட்ரைவைத்தான் நீட்டுகினம். மூலப் பதிவு கிடைக்க என்ன வழி? கிடைச்சால் கெடாமல் கொம்பியூட்டருக்கு ஏத்துறது எப்பிடி?

ஊசிமுனை:
கடையை விடுங்கோ. முந்திக் கோயில் திருவிழா, கலியாணத்துக்கு லவுட்ஸ்பீக்கர் கட்டின ஆக்களின்ரை வீடுகளிலை விசாரியுங்கோ. விலைக்குக் கேட்டால் அனேகமாத் தரமாட்டினம். "பதிஞ்சிட்டுத் திருப்பித் தாறன்" எண்டால் மனம் இரங்கும். அந்தத் தட்டுகள் கனத்த ஊசியிலை ஓடித் தேஞ்சுதான் இருக்கும், ஆனால் உங்களுக்கு முதலிலை வேண்டியது தட்டின்ரை இலக்கம்.

லேபிளிலை இருக்கிற கற்றலொக் இலக்கத்தையும், லேபிளுக்கும் கடைசிப் பள்ளத்துக்கும் நடுவிலை வெறுமையாக் கிடக்கிற வட்டத்திலை கீறியிருக்கிற இலக்கத்தையும் எழுதுங்கோ. ரோர்ச்சைப் பக்கவாட்டிலை பிடிச்சால்தான் அது தெரியும். பிறகு டிஸ்கொக்ஸ் எண்ட இசைத்தட்டு விபரத் தளத்திலை பேரைப் போடாமல் இலக்கத்தைப் போட்டுத் தேடுங்கோ. பேரை ஆங்கிலத்திலை ஒவ்வொருத்தர் ஒவ்வொரு மாதிரி எழுதியிருப்பினம். பொப் பாடகர் ஏ.ஈ. மனோகரனைச் "சிலோன் மனோகர்" எண்டும் தேட வேணும், இந்தியாவிலை அந்தப் பேர்தான்.

விலைக்கு வாங்கிறதுக்கு முதல் நூலகம் நிறுவனத்தின்ரை ஆவணகம் தளத்தை ஒருக்காப் பாருங்கோ, ஒலிப்பதிவுகளும் அதிலை இருக்கு.

ரேப்காரன்:
கசெட்டுக்கு நான் சொல்லுறன். கையிலை கிடைச்ச உடனை போட்டுப் பார்க்கிறதுதான் பெரிய பிழை. முதல் யன்னலாலை ரேப் சுத்தின விளிம்பைப் பாருங்கோ. வெள்ளைப் பொடி மாதிரி இருந்தால் பூஞ்சணம். எங்கட ஈரக் காத்துக்கு அது கட்டாயம் வரும். அப்பிடியே ஓட்டினால் பிளேயரிலை ரேப்பை வாசிக்கிற ஹெட்டிலை ஒட்டி அடுத்த கசெட்டுக்கும் பரவும்.

அடுத்தது, ஹெட் படுற இடத்திலை செப்புத் தகட்டிலை ஒட்டின சின்னக் கம்பளித் துண்டு. பழைய கசெட்டுகளிலை பசை காய்ஞ்சு அது விழுந்திடும், சத்தம் வந்து வந்து போகும். ஐஞ்சு ஸ்குரூ உள்ள கோது எண்டால் கழட்டி, ரேப்பை அப்பிடியே வேறை நல்ல கோதுக்கு மாத்துங்கோ. ஸ்குரூ இல்லாமல் ஒட்டினது எண்டால் விளிம்பாலை மெல்லப் பிளக்க வேணும். அறுந்த ரேப்புக்குச் செலோரேப் ஒட்டாதேங்கோ, பசை கசிஞ்சு பக்கத்துச் சுத்தையும் ஒட்டிப் போடும். அறுந்ததை ஒட்டுறதுக்கெண்டே ஸ்ப்ளைசிங் ரேப் தனியா விக்கிறாங்கள்.

சத்தம் போர்வைக்குள்ளை இருந்து வாற மாதிரிக் கேட்டால் ரேப்பைக் குறை சொல்லாதேங்கோ. ஹெட்டுக்குப் பக்கத்திலை ஒரு சின்ன ஸ்குரூ இருக்கு. அதை மயிரளவு திருப்பிக்கொண்டு மோனோவிலை (இடது வலது ரெண்டையும் ஒண்டாக்கி) கேளுங்கோ. தாளச் சத்தம் எந்த இடத்திலை பளிச்செண்டு வருதோ அங்கை நிப்பாட்டுங்கோ. பதியேக்கை 48 கிலோஹேர்ட்ஸ், 24 பிற், வேவ் கோப்பு. ஸ்ரீரியோவிலை ஒரு மணித்தியாலம் கிட்டத்தட்ட 1 ஜிபி வரும். உச்சச் சத்தம் மைனஸ் 6 டெசிபெலைத் தாண்ட வேண்டாம். இரைச்சல் நீக்கிற வேலையை மூலக் கோப்பிலை செய்யாதேங்கோ, கொப்பியிலை செய்யுங்கோ.

நாவற்பழம்:
நன்றி அண்ணையவை. ஒரு வீட்டிலை கனத்த தட்டு ஒண்டு கிடைச்சிருக்கு, லேபிளிலை 78 எண்டு கிடக்கு. ஸ்பிரிற்றாலை துடைக்கலாமோ?

ஊசிமுனை:
ஐயோ தம்பி, தொடாதேங்கோ! 78 தட்டுகள் அனேகம் அரக்குத் தட்டு, அற்ககோல் பட்டால் கரையும். வடிச்ச தண்ணியிலை ஒரு துளி பாத்திரம் கழுவுற திரவம் விட்டு, மெல்லிய துணியாலை பள்ளம் போற பக்கமாத் துடையுங்கோ, லேபிள் நனையப்படாது. 45க்குப் போடுற ஊசியையும் போடாதேங்கோ. 78இன்ரை பள்ளம் அகலம், அந்த ஊசி அடியிலை போய் நிண்டு இரையும். 3 மில் (அங்குலத்தை ஆயிரமாப் பிரிச்சால் மூண்டு பங்கு, மில்லிமீற்றர் இல்லை) ஊசி வேணும். வீட்டை கொண்டு வரேக்கை சைக்கிள் கரியரிலை கட்டாதேங்கோ, விழுந்தால் பீங்கான் மாதிரி உடையும்.