ப்ளூடூத்ல பேசினா போதுமா? சத்துவாச்சாரி – ஆம்பூர் தினசரி கார் ஓட்டம்

கோட்டை அகழி:
அடுத்த மாசத்திலிருந்து தினமும் வேலூர் சத்துவாச்சாரியிலிருந்து ஆம்பூர், கார்ல. ஆபீஸ் கால் வழியிலயும் வரும், எடுக்காம இருக்க முடியாது. ப்ளூடூத்ல பேசினா பிரச்சினை இல்லையே? போன் ஸ்டாண்டை எங்க மாட்டறது? முன் கண்ணாடியில ஒட்டினா நம்ம ஊர் வெயிலுக்குப் போன் கொதிச்சு ஸ்கிரீன் மங்கிடுதுங்கறாங்க. அப்புறம் பொதுவா ஒண்ணு: வண்டி ஓட்டறவங்க முன்னைவிட மோசமாயிட்டாங்களா, இல்ல நமக்குத்தான் அப்படித் தோணுதா? கிரீன் சர்க்கிள் சந்திப்புல பத்து நிமிஷம் நின்னா மோசம்னுதான் தோணுது.

பாலாறு48:
கடைசிக் கேள்விக்கு முதல்ல வர்றேன். நாடு முழுக்க சாலை விபத்துல இறந்தவங்க 2012-ல் 1,38,258 பேர், 2022-ல் 1,68,491 பேர். சாவு 22 சதவீதம் ஏறியிருக்கு. ஆனா பதிவான வண்டிகளோ 2012-ல் சுமார் 16 கோடி, 2020-லயே 32 கோடியைத் தாண்டிடுச்சு. ஒரு வண்டிக்கு எவ்வளவு சாவுன்னு கணக்குப் போட்டா குறைஞ்சுதான் இருக்கு. இதை வெச்சு டிரைவர் திருந்திட்டார்னு சொல்லிடாதீங்க. ஏர்பேக், ஏபிஎஸ், 108 ஆம்புலன்ஸ், நடுவுல தடுப்பு வெச்ச ரோடு எல்லாத்துக்கும் அதுல பங்கு இருக்கு.

போனால நடந்த விபத்து எத்தனைன்னு அரசு விபத்துப் பட்டியல்ல தேடினா ரொம்பச் சின்ன எண்தான் கிடைக்கும். அதை நம்பாதீங்க. 2022-ல் பத்துல ஏழு சாவு அதிவேகம்ங்கற கணக்குல போயிருக்கு. ஸ்பாட்டுக்கு வர்ற காவலருக்கு நொறுங்கின வண்டி தெரியும், டயர் தடம் தெரியும். மோதறதுக்கு மூணு விநாடி முன்னாடி டிரைவர் கண் எங்க இருந்துச்சுன்னு யார் சொல்றது?

நாலாவது கியர்:
சட்டத்தைப் பொறுத்தவரை கையில பிடிக்காத வரைக்கும் கவலை இல்ல. மோட்டார் வாகனச் சட்டம் 184-வது பிரிவுல, ஓட்டும்போது போனைக் கையில வெச்சுப் பயன்படுத்தறதை 2019 திருத்தம் ஆபத்தான ஓட்டுதல்னு சேர்த்துடுச்சு. முதல் தடவைக்கு 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது ஆறு மாசம் முதல் ஒரு வருஷம் வரை சிறை, ரெண்டும் சேர்ந்தும் வரலாம். 2020 அக்டோபர்லேர்ந்து, கவனம் சிதறாத மாதிரி வெச்சு வழி பார்க்க மட்டும் போனைப் பயன்படுத்தலாம். ப்ளூடூத் ஓகே, தாராளமா பேசுங்க.

சர்வீஸ் ரோடு:
தாராளமா எல்லாம் வேண்டாம் ஜி. அபராதம் வராதுங்கறது சரி, ஆபத்து வராதுன்னு சொல்ல முடியாது. 1997-லயே நியூ இங்கிலாந்து மருத்துவ இதழ்ல வந்த ஆய்வு, போன்ல பேசறப்போ மோதற வாய்ப்பு நாலு மடங்குன்னு கணக்குப் போட்டுச்சு. ஹேண்ட்ஸ்ஃப்ரீல பேசினவங்களுக்கும் அதுல பெரிசா பாதுகாப்பு தெரியல. கை ரெண்டும் ஸ்டீயரிங்லதான் இருக்கும், கண்ணும் ரோட்டைத்தான் பார்க்கும், மனசு மட்டும் ஆபீஸ்ல இருக்கும். எதிரே சைக்கிள்காரர் தெரிவார், ஆனா மண்டையில பதிய மாட்டார். பக்கத்து சீட்ல இருக்கறவர் ரோட்டைப் பார்த்து தானா பேச்சை நிறுத்துவார். போன்ல இருக்கற மேனேஜருக்கு நீங்க லாரியை ஓவர்டேக் பண்றது எப்படித் தெரியும்?

80 கி.மீ. வேகத்துல விநாடிக்கு 22 மீட்டர் போறீங்க. அஞ்சு விநாடி ஸ்கிரீனைப் பார்த்தா 111 மீட்டர் கண்ணை மூடிட்டு ஓட்டின கணக்கு. காய்ஞ்ச ரோட்ல பிரேக் மிதிச்ச பிறகே நிக்க 36 மீட்டர் வேணும், மழையில 60-க்கு மேல. போனுக்கோ காருக்கோ குரல்ல கட்டளை கொடுத்து முடிச்ச பிறகும் கவனம் முழுசா திரும்ப 27 விநாடி வரை ஆகலாம்னு 2015-ல் அமெரிக்காவுல அளந்திருக்காங்க. அதே வேகத்துல அது 600 மீட்டர். சிக்னல்ல நிக்கறப்போ மெசேஜ் பார்க்கறதுக்கும் இதே வில்லங்கம் உண்டு: பச்சை விழுந்து வண்டி நகர்ந்துடும், மூளை மெசேஜ்லயே இருக்கும்.

கால் வராமலே பண்ணிடுங்க. ஐபோன்னா செட்டிங்ஸ், ஃபோகஸ், டிரைவிங். கார் ப்ளூடூத் இணைஞ்சிருந்தா அதுல கால் வந்துடும், அதனால ப்ளூடூத்தை இணைக்காம, ஓட்ட ஆரம்பிச்சதும் தானா ஆன் ஆகற மாதிரி வைங்க. "ஓட்டிட்டு இருக்கேன், கூப்பிடறேன்"னு மெசேஜ் அனுப்பறவங்களுக்குப் பதிலும் தானே போகும். சாம்சங்னா மோட்ஸ் அண்ட் ரொட்டீன்ஸ்ல டிரைவிங் இருக்கு. வீட்டு நம்பர் ரெண்டை மட்டும் விதிவிலக்கா விடுங்க. திரும்பக் கூப்பிட ஹைவே ஓரத்துல ஹசார்ட் போட்டு நிறுத்தாதீங்க, பின்னாடி வர்ற லாரிக்காரருக்கும் போன் இருக்கு. பெட்ரோல் பங்க் உள்ளே போங்க, இல்லன்னா பள்ளிகொண்டா டோல் தாண்டி லாரி நிக்கற இடம் பார்த்து ஒதுங்குங்க. ஃபாஸ்டாக் பேலன்ஸை வீட்லயே பார்த்துடுங்க.

கோட்டை அகழி:
மேனேஜர்கிட்ட சொல்லிப் பார்க்கறேன். ஸ்டாண்ட்?

பாலாறு48:
ஏசி வென்ட்ல மாட்டுங்க. ஐபோனுக்கு வெளி வெப்பம் 35 டிகிரி வரைதான் ஏற்கும்னு கம்பெனியே சொல்லுது. அக்னி நட்சத்திரத்துல நம்ம ஊர்ல நிழல்லயே 40 தாண்டும், கண்ணாடிக்குப் பின்னாடி கேட்கவே வேண்டாம். வென்ட்ல குளிர்காத்து நேரா போன் முதுகுல படும். வெறும் கிளிப் போட்டா கனமான போனுக்கு வென்ட் இதழ் உடையும். உள்ளே கொக்கி போட்டுத் திருகி இறுக்கற மாடல் வாங்குங்க. சக்‌ஷன் கப் வெயில்ல இளகி விழுந்துடும். கண்ணாடியோட வலது மூலையிலும் வேண்டாம். அங்க ஏற்கெனவே கண்ணாடி ஓரத்துத் தூண் மறைக்குது, கிளை ரோட்லேர்ந்து வர்ற டூவீலர் மொத்தமா மறைஞ்சுடும். பக்கத்து சீட் ஏர்பேக் மூடி மேல கூடவே கூடாது, அது வெடிச்சா போன் கல்லு மாதிரி பறக்கும்.

போன் கீழே விழுந்தா குனியாதீங்க, கிடக்கட்டும். தண்ணி பாட்டிலைக் கதவுப் பையில வைங்க. உருண்டு பிரேக் பெடலுக்கு அடியில போச்சுன்னா பெடல் இறங்காது.

நாலாவது கியர்:
பைக்ல ஹேண்டில்பார்ல மாட்டறவங்களுக்கும் ஒண்ணு: பெரிய இன்ஜின் அதிர்வுல, படம் ஆடாம பார்த்துக்கற கேமரா ஸ்டெபிலைசேஷன் கெட்டுப்போகலாம்னு ஆப்பிளே 2021-ல் எச்சரிச்சிருக்கு. அதிர்வு தாங்கற டேம்பர் வெச்ச மவுண்ட் வாங்குங்க, இல்ல பழைய போனை மாட்டுங்க.